கதிரித்தம்பியும் பிறரும்

என் அன்புக்குரிய சுகந்தி,

வருகிற வெள்ளிக்கிழமை நீர் எங்களை விட்டுப் போய் முப்பத்தோராம் நாள். நினைவு மலரில் தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். கடைசிப் பக்கத்தை நான் கேட்டு வாங்கினேன். எனக்குச் சொல்ல ஒரு குற்றம் இருக்கிறது.

உம்மிடம் வைரஸ் ஆய்வு படித்த நிலானி போன கிழமை மடிக்கணினியோடு கிளிநொச்சிக்கு வந்தாள். உம்முடைய கட்டுரைகளின் பட்டியலை மலரில் போடவேண்டுமென்று நான்தான் கூப்பிட்டேன். பார்த்தால், திரையில் இரண்டு பெண்கள். ஒருத்தி சுகந்தி கதிரித்தம்பி, கலியாணத்துக்கு முன் வயல்காரரின் காய்ச்சலைப் பற்றி எழுதியவள். மற்றவள் சுகந்தி பாலேந்திரன், அதற்குப் பிறகு எழுதியவள். இருவரும் ஒருவர்தான் என்று கணினிக்குத் தெரியவில்லை.

"மிஸ்ஸின்ர முதல் கட்டுரையைத்தான் கனபேர் மேற்கோள் காட்டியிருக்கினம், அங்கிள்," என்றாள் நிலானி. "அது பழைய பேரில கிடக்கு. பேராசிரியர் பதவிக்கு மிஸ்ஸின்ர விண்ணப்பத்தைப் பாத்தவை புதுப் பேரை மட்டும் தட்டிப் பாத்தவையாம். மிஸ் பிறகு எழுதிக் குடுத்தும், அடுத்த முறை பாப்பம் எண்டிட்டினம்."

பதவி இல்லையென்று தெரிந்த அன்று நீர் வீட்டுக்கு வந்து, "இன்னும் கொஞ்சம் எழுத வேணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனீர். நானும் "எழுதுமன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தேன். ஏன் சுகந்தி, காரணத்தைச் சொல்லவில்லை?

கலியாணம் முடிந்த கையோடு பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலிருந்து தகப்பன் பெயர் போய்ப் புருஷன் பெயர் வருவது நம்முடைய வழக்கம். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்த எனக்குப் படிவம் நிரப்புவதென்றால் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. கடவுச்சீட்டிலிருந்து பல்கலைக்கழகப் பதிவுவரை எல்லாவற்றையும் நானே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் உம்மிடம் நீட்டினேன்.

"இஞ்சருங்கோ, கட்டுரையெல்லாம் அப்பான்ர பேரில கிடக்கு. மாத்தத்தான் வேணுமோ?" என்று கேட்டீர்.

"ஊரில எல்லாரும் மாத்திறதுதானே" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கலாமாம். ஆனால் ஒரு பெயரைத் தலைப்பாக வைக்க வேண்டுமாம். நிலானி பலமுறை கேட்டும், "அப்பா, அவர் எண்டு ரெண்டு பேரில ஆரின்ர மனசை நோகடிக்கிறது? பிறகு பாப்பம்" என்றீராம். அந்தப் 'பிறகு' வருமுன் புற்றுநோய் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வட்டக்கச்சிக்குப் போய் உம்முடைய அப்பாவுக்கு முன்னால் இருந்தேன். வெளிநாட்டு ஆய்வாளர்கள் உம்முடைய முதல் கட்டுரையை உம்முடைய அப்பாவின் பெயரைச் சொல்லிக் குறிப்பிடும் இடங்களை நிலானி அச்செடுத்துத் தந்திருந்தாள். ஆங்கில எழுத்தின் மேல் விரலை வைத்து வாசித்துக் காட்டினேன். "கதிரித்தம்பியும் பிறரும்." அடுத்த தாளிலும் அதுதான், அதற்கடுத்ததிலும் அதுதான்.

"நானோ? நான் என்ன செய்தனான், தம்பி?"

"நீங்கள்தானே மாமா, சைக்கிளில வீடு வீடாப் போய் வயல்காரரை ஆய்வுக்கு ரத்தம் குடுக்கப் பண்ணினனீங்கள்."

"அது பிள்ளை கேட்டவள் எண்டு போனனான்." தாளைத் தடவினார். "எண்டாலும் கட்டிக் குடுத்தாப் பிறகு உங்கட பேர்தானே முறை. அதையே வையுங்கோ."

பெற்ற மகளைப் பறிகொடுத்த மனிதர், அவளுடைய பெயரையும் எனக்கே விட்டுக்கொடுக்கிறார். உம்முடைய சாவீட்டில் அடக்கிக்கொண்டு நின்றவன், அன்று அவருக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன்.

நிலானிக்குச் சொல்லிவிட்டேன். உம்முடைய கட்டுரைகள் எல்லாம் இனிக் கதிரித்தம்பியின் மகள் பெயரில் ஒரே இடத்தில் இருக்கும். மலரிலும் அப்படித்தான் அச்சாகிறது. பேராசிரியர் பதவி இனி வராது, தெரியும். ஆனால் எங்கோ ஒரு கமக்காரன் வயலிலிருந்து காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வரும்போது, அவனுக்காகத் தேடிப் படிக்கிற வைத்தியர் உம்மைப் பாதியாகக் காணமாட்டார்.

நீர் முடிக்காமல் விட்ட கட்டுரையை நிலானி முடித்துக்கொண்டிருக்கிறாள். அதை அனுப்புவதற்கும் ஒரு படிவம் இருக்கிறதாம். அதை நான்தான் நிரப்புவேன். அன்று மாற்றத்தான் வேணுமோ என்று நீர் கேட்ட பெயரையே எழுதுவேன். இது சத்தியம்.

சுகந்தி கதிரித்தம்பியின் புருஷன்,
பாலேந்திரன்