ஒரு மணி நேரத் தூரம்

அக்கா,

நேற்று உன் மருமகன் ஒரு துணிப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பாரிசுக்குப் போய் வந்த பை. உதறினேன். காய்ந்த மஞ்சள் இலையின் வாசம் வந்தது. உடம்பெல்லாம் ஒரே அசதி. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன், உனக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

ஒவ்வொரு தையிலும் கடலூரிலிருந்து உனக்குப் பொங்கல் வரிசை எடுத்து வருவேன். கரும்புக்கட்டு பஸ் கூரைமேல், மஞ்சள் கொத்து என் மடியில். சிதம்பரத்தில் இறங்கி உன் வீட்டுப் படியேறுவதற்குள் முதுகு விட்டுப்போகும். தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே நீ கேட்பாய். "போனானாடா?"

லண்டனில் டாக்டராக இருக்கும் உன் மகன் சேகர், பாரிசில் வாழும் தங்கை வசந்தாவைப் பார்க்கப் போனானா என்பதுதான் கேள்வி. அவள் தன் இஷ்டத்துக்குப் புதுச்சேரிக் கிறிஸ்தவர் ஒருவரைக் கட்டிக்கொண்ட அன்று, "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொன்னவன் அவன். இருவரையும் விடமுடியாமல் நீ நடுவில் கிடந்தாய். "இல்லக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிற்று.

"தூரமா இருக்கும்டா. கடல் வேற குறுக்க கெடக்கு. அவன் என்ன பண்ணுவான்" என்று நீயே சமாதானம் சொல்லிக்கொள்வாய். ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. கப்பல் வேலையில் அந்த ஊர்களையெல்லாம் பார்த்த பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் பஸ்ஸில் சொன்னதை அப்படியே உன்னிடம் சொன்னேன். "இருநூறு மைலுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாம். பிளேன்ல ஏறுனா ஒரு மணி நேரந்தானாம்."

"அப்போ நீ என்னப் பாக்க வர்ற நேரந்தான்" என்றாய். தூரம் என்று நம்பியிருந்தவரை உனக்குத் தூக்கம் வந்தது. அதன்பிறகு அதுவும் போயிற்று.

நீ கண்ணை மூடி ஒரு வருஷமானதும், மார்கழியில் திதி கொடுக்க சேகர் வந்தான். கடலூரிலிருந்து உன் வீட்டுக்கு நானே பஸ்ஸில் அழைத்து வந்தேன். புவனகிரிப் பாலத்தில், "இன்னும் எவ்ளோ நேரம் மாமா?" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. "வந்தாச்சுப்பா. ஒங்கம்மா கணக்குல லண்டனுக்கும் பாரிசுக்கும் இவ்ளோதான்" என்றேன். அதற்குப் பிறகு அவன் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

ஊர் திரும்பும் நாளில் ஒரு மஞ்சள் கொத்து வேண்டும் என்றான்.

"போய்ச் சேர்றதுக்குள்ள வாடிப் போயிடும்பா."

"வாடுனா வாடட்டும் மாமா."

ஈரச்சாக்கில் சுற்றி இந்தப் பையில் போட்டுக் கொடுத்தேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டு ஏமாந்துபோகத் தெம்பில்லை.

பாரிசிலிருந்து லீவில் வந்த மருமகன் நேற்றுதான் சொன்னார். பொங்கலன்று சேகர் பையோடு அவர்கள் வாசலில் நின்றானாம். வசந்தா ஒன்றும் கேட்காமல் வாங்கிப்போய், சருகாகிவிட்ட கொத்தை அலுமினியப் பாத்திரத்தின் கழுத்தில் கட்டிப் பால் வைத்தாளாம். சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டானாம்.

வரிசை எடுத்துப்போக எனக்கு இப்போது வீடில்லை. யாருடைய கரும்புக்கட்டாவது பஸ் கூரையில் ஏறும்போதெல்லாம் முதுகு மட்டும் பழக்கத்தில் வலிக்கிறது. பையை வெயிலில் போடாமல் மடித்து வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் வெறுங்கையோடு வந்த பதில், சொல்லும்படியாகக் கிடைத்தபோது கேட்க நீ இல்லையே என்றுதான் ஆறவில்லை.

போனான், அக்கா.