வெறுமையாக வந்த கழுத்துப் படம்

ஊரப்பாக்கம்
22.6.2025

அன்புள்ள பிரபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், என் நலத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று அம்மா சொன்னாள், சந்தோஷம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம், அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

கருங்குழியில் உன் பெரியப்பா மகள் ஜெயப்பிரியா நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நீ வீடியோவில் பார்த்தாய். நம் வீட்டு விசேஷங்களில் நிச்சயப் பத்திரிகையை இருபது வருஷமாக நான்தான் படிக்கிறேன், முதல் ஆளாகக் காலேஜ் போய் வாத்தியாரானவன் என்பதற்காக இந்தக் குடும்பம் எனக்குக் கொடுத்த ஒரே மரியாதை அது. அன்று காகிதம் கையில் நிற்கவில்லை, வேர்த்து ஊற்றியது, பையன் பெயரிலேயே இரண்டு தடவை தடுமாறினேன். உன் பெரியப்பா காகிதத்தைப் பிடுங்கி, "இன்னாடா ராஜாராம், காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துகீறியா? சபைல மானத்த வாங்காத" என்றார். பந்தியில் முனியம்மா அத்தை, "வாத்தியாருக்கு மோர் ஊத்துங்கடி, தெளியட்டும்" என்றாள். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். மாலையில் உன் செய்தி வந்தது, என் மாமியார் வீட்டாரும் பார்த்தார்கள், குடியை விடுங்கள் அப்பா என்று. என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு.

அது குடியல்ல, நோய். ஒன்பது கிலோ இளைத்த பிறகு செங்கல்பட்டில் ரத்தம் பார்த்தால் தைராய்டு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. முதல் டாக்டர் கொடுத்த மாத்திரையில் நடுக்கம் குறையவில்லை. அடுத்தவர் நான் விழுங்குகிற எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்லி, இதயத் துடிப்புக்கான மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். அதில் அயோடின் அதிகம், சிலருக்கு அதனால் சுரப்பி மிதமிஞ்சிச் சுரக்கும், சிலருக்குச் சுரப்பி புண்ணாகி, சேர்த்து வைத்ததை ரத்தத்தில் கொட்டிவிடும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்றார். எதுவென்று பார்க்கச் சென்னையில் ஸ்கேன். அயோடின் ஏறிய உடம்பில் வழக்கமான ஸ்கேன் எப்படியும் வெறுமையாகவே வருமாம், அதனால் வேறொரு கதிரியக்க மருந்தைக் கையில் ஊசியாகப் போட்டு, கழுத்துக்கு மேலே கேமராவை இறக்கி, அசையாமல் படுக்க வைத்தார்கள். சுரப்பி மும்முரமாக வேலை செய்தால் மருந்து அங்கே தங்கிப் படத்தில் தெரியும். என் கழுத்தில் எதுவும் தங்கவில்லை. ஆக, புண்ணாகிக் கொட்டுகிற வகை. இப்போது ஸ்டீராய்டு கொடுத்து, இதய மாத்திரையையும் மாற்றியிருக்கிறார்கள், கை மெல்ல அடங்குகிறது.

அந்தப் பழைய மாத்திரையை மூன்று வருஷமாக மாதம் தவறாமல் அங்கிருந்தே ஆப்பில் பதிவு செய்து அனுப்பியவள் நீ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது. பொட்டலம் தானாக வாசலுக்கு வந்ததால் நான் டாக்டரிடம் போகவில்லை, நீயும் சீட்டைப் படிக்கவில்லை. என் பங்குத் தப்பை ஒப்புக்கொள்கிறேன், மிச்சத்தை நீ எடுத்துக்கொள். அந்த ஆர்டரை இன்றே நிறுத்து.

ஆவணியில் மாமல்லபுரத்து மண்டபத்தில் கல்யாணம். பத்திரிகையில் என் பெயரைப் போடலாமா என்று பெரியப்பா அம்மாவிடம் கேட்டாராம். கூடப் பிறந்தவன் பெயரைப் போட யோசனை! ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நான் நிற்க மாட்டேன். நீ கூப்பிட்டுச் சொல், அப்பா குடிக்கவில்லை, நானும் உங்களோடு சேர்ந்து தப்பாக நினைத்துவிட்டேன் என்று, அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாமல் சொல்.

வேதகிரீஸ்வரர் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், இந்த ஆசியில் என் கோபம் கலக்கவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறார்கள், அதற்குள் பேசு. பேசினேன் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், பத்திரிகை வந்தால் தெரிந்துகொள்கிறேன்.

உன் அப்பா,
ராஜாராம்