முதுகில் பிளாஸ்திரி போட்ட புத்தகம்

அன்புள்ள சிஸ்டர்,

மழை விட்டு இப்போதுதான் வெயில் அடிக்கிறது. பூஞ்சை பிடித்துவிடுமே என்று புத்தகங்களை எல்லாம் வாசலில் பாய் விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்கியதும் அதன் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி கையோடு வந்துவிட்டது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். எஸ்டேட் டிஸ்பென்சரி வாசம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைப் புத்தகத்துக்குப் போட்ட நர்ஸ் இந்த ஏற்காட்டு மலையிலேயே நீங்கள் ஒருவர்தான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எந்தத் தபால்காரராலும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்று தெரிந்தே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எஸ்டேட் பள்ளிக்கு டீச்சராக வந்த புதிது. நாலு மணிக்கே பனி இறங்கிவிடும். பள்ளி விட்டால் போக்கிடம் உங்கள் டிஸ்பென்சரிதான். தாய்நாட்டுக்குத் திரும்பிப்போன தோட்டத்து வெள்ளைக்கார அம்மா ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை உங்களிடம் விட்டுப் போயிருந்தார். பியூரிட்டன் என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது உங்கள் வாயால்தான். இவற்றை எழுதியவர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இருந்த பக்திமான்கள், அவர்களில் பாதிப் பேர் போதகர்கள், ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு என்று சொன்னீர்கள்.

"மொதல்ல இந்தச் சின்னதுல ஆரம்பிங்க டீச்சர். வியாதில கெடந்தவங்களுக்கு ஆறுதலா எழுதினது. நொம்ப நல்லா இருக்குமுங்க" என்று ஒல்லியான ஒன்றை நீட்டினீர்கள்.

நான் கேட்டால்தானே? பி.ஏ. படித்த மமதை. இருப்பதிலேயே பெரிய புத்தகம் எதுவோ அதை உருவினேன். அது ஒருவனுடைய விசுவாசம் மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லும் புத்தகம். ஒவ்வொரு வாக்கியமும் அடிவாரத்துக் குப்பனூரில் பஸ் ஏறினால் ஏற்காடு வந்துதான் இறங்கும். அதற்குள் எனக்குத் தலை சுற்றிவிடும்.

ஆனாலும் விடாமல் படித்தேன். படித்த விதம்தான் கோளாறு. எனக்குத் தெரிந்த ஒரே வேலை பரீட்சைத் தாள் திருத்துவது. மெய்யான விசுவாசிக்கு இன்னின்ன அடையாளம் என்று அதன் ஆசிரியர் எழுதிக்கொண்டே போக, நான் என்னையே முன்னால் உட்காரவைத்துத் திருத்திக்கொண்டே போனேன். ஜெபத்தில் மனம் அலைகிறதா? அலைகிறது. பாவத்தை நினைத்து அழுதாயா? அழவில்லை. அழுதிருந்தாலும் அது ஆண்டவருக்காகவா, உனக்காகவா? போச்சு. ஒன்றில்கூடத் தேறவில்லை.

அடுத்த மாதம் நம் சின்னக் கோயிலில் திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போனார்கள். எனக்குக் கால் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் தேவனுடைய பிள்ளையே இல்லையோ, இத்தனை காலம் வேஷம்தான் போட்டேனோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கக்கூட நா எழவில்லை.

நீங்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். மறுநாள் டிஸ்பென்சரியில், "ஏனுங்க டீச்சர், உடம்புக்கு ஆகலீங்களா? பந்திக்கு வரவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டீர்கள். நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் பதில் சொல்வதற்குள் மாரமங்கலத்திலிருந்து ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்துவிட்டார்கள். காப்பித் தோட்டத்தில் நிழல்மரக் கிளை கழிக்கும்போது கொடுவாள் வழுக்கிக் காலில் இறங்கியிருந்தது. பச்சிலையும் மண்ணும் அப்பிய காயம்.

என்னைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு நீங்கள் கழுவ ஆரம்பித்தீர்கள். அவர் துடித்தார்.

"போதுமுங்க சிஸ்டர், உசுரு போகுதுங்க!"

"கொஞ்சம் பொறுங்க. மண்ணு உள்ள இருந்தா சீழ் புடிச்சுக்குமுங்க."

ஒரு கட்டத்தில் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். நான் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தீர்கள். மருந்து வைத்து இறுக்கிக் கட்டினீர்கள். அந்த மனிதர் நீளமாக ஒரு மூச்சு விட்டு, "இப்பத் தேவலீங்க" என்றார்.

அவர் போன பிறகு கை துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "கழுவறது கட்டுறதுக்குத்தானுங்க டீச்சர். நீங்க ரெண்டு மாசமாக் கழுவிக்கிட்டே இருக்கறீங்க. கட்டு எங்கீங்க?"

புத்தகத்தை எங்கே நிறுத்தினேன் என்று கேட்டீர்கள். பாதியில் என்றேன், பயந்துபோய் மூடிவைத்தேன் என்றேன். உடனே மீதிப் பாதியை விரித்தீர்கள். அங்கே புத்தகம் எழுதியவர் அப்படியே மாறியிருந்தார். அத்தனை நேரம் என்னைப் பார்க்கச் சொன்னவர் அதன் பிறகு ஆண்டவரை மட்டுமே பார்க்கச் சொன்னார். பசித்தவனுக்குத்தான் பந்தி என்ற கருத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஓரத்தில் குறித்திருந்த வசனங்களை நீங்கள் முதலில் தமிழ் வேதாகமத்தில் எடுத்து வாசித்தீர்கள். அப்புறம் அந்த இங்கிலீஷைச் சத்தமாக, நிதானமாக வாசித்தீர்கள். பயமுறுத்திய அதே நீள வாக்கியங்கள் வாய்விட்டுப் படிக்கும்போது தாலாட்டுப் போல இருந்தன. படித்து முடிப்பதற்குள் புத்தகத்தின் முதுகு பிளந்துகொண்டது. அப்போது போட்டதுதான் இந்தப் பிளாஸ்திரி.

அடுத்த திருவிருந்துக்கு நான் எழத் தயங்கியபோது விலாவில் உங்கள் முழங்கை இடித்தது நினைவிருக்கிறதா? பக்கத்தில் முழங்கால் போட்டு, என் கை நீளும்வரை நீங்களும் கை நீட்டவில்லை.

அதன் பிறகு எத்தனை வருஷம் சேர்ந்து படித்தோம்! ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பத்தி, அதற்கு மேல் கூடாது என்பது உங்கள் சட்டம். புரியாத இடத்தில் நான் முட்டிக்கொண்டு நின்றால், "காப்பிப் பழம் பறிக்கற மாதிரிதானுங்க. பழுத்தத எடுங்க, பச்சைய செடியிலயே உடுங்க. அடுத்த சுத்துக்கு வரும்போது அதுவும் பழுத்திருக்குமுங்க" என்பீர்கள். உண்மைதான். முதல் சுற்றில் எனக்கு விளங்காத பக்கங்கள்தான் அம்மா இறந்த வருஷத்தில் என்னைத் தாங்கின.

தொண்ணூறுகளில் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். உங்கள் கிளியூர் வீட்டுக்குப் போதகர் திருவிருந்து கொண்டுவந்த அன்று நானும் கூட இருந்தேன். அப்பத்தைப் பார்த்ததும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "வேண்டாமுங்க டீச்சர். எனக்கு யோக்கியதை இல்லீங்க. நொம்ப பயமா இருக்குதுங்க" என்றீர்கள். நீங்களா இப்படிப் பேசுவது! எனக்குத் தெரிந்த வேதமெல்லாம் மறந்துபோய் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"கழுவுனது போதுமுங்க சிஸ்டர். கட்டு போட்டுக்கலாமுங்க."

என்னையே பார்த்தீர்கள். பிறகு கை நீட்டினீர்கள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி, "இப்பத் தேவலீங்க டீச்சர்" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து நான் தெளிவாகக் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

நம் பள்ளிக்குப் புதிதாக டீச்சராக வந்திருக்கும் பெண், வாசலில் காயும் புத்தகங்களைப் பார்த்துவிட்டு எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள். ஒல்லியானதை நீட்டினேன். அவள் கண் தடிப் புத்தகத்தின் மேலேயே இருந்தது. சரி, எடுத்துப் போகட்டும். புதுப் பிளாஸ்திரி ஒட்டி, பாதியில் மூடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

வருகிற ஞாயிறு திருவிருந்து. அந்தப் பழைய பயம் எனக்கு இன்னும் சில சமயம் வரும். வந்தால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறேன், சிஸ்டர்.

உங்கள்
டீச்சர்