எந்திர மனிதனின் வலது கை

1963 ஜூலை 10, புதன்

கொழும்பில் ஆசிரியர்களுக்கு நடக்கப்போகும் பயிற்சி முகாமுக்காக நான் செய்த எந்திர மனிதன் ஒருவழியாக டிரங்குப் பெட்டிக்குள் அடங்கிவிட்டான். சந்தோஷப்பட முடியவில்லை.

கைகளுக்கான காகிதக் குழாய்களை அண்ணன், தான் வேலை பார்க்கும் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். இடது கை நன்றாக உயர்ந்தது. வலது கை பாதியிலேயே திணறியது. மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்று இன்னொரு பேட்டரி சேர்த்தேன். தோளில் நீலமாகப் பொறி பறந்தது. கை உயர்ந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். வலது கையைத் தூக்கிப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. அதைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோனான். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, நான் ஒட்டியிருந்த வெள்ளிக் காகிதத்தைக் கிழித்து, முனையை அடைத்திருந்த களிமண்ணை நோண்டினான். சாம்பல் நிறச் சேறாக வெடிமருந்து வழிந்தது. காலிக் குழாய்களோடு மருந்து அடைத்தது ஒன்றும் கலந்து வந்திருக்கிறது.

"எஸ்தரு, இதுக்கு சுவிட்ச் போட்டியா?"

"வீட்ல ஒரு தரம்தாண்ணே."

பொய். இன்று காலை ஏழாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளையும் வரிசையாக வரச்சொல்லி, ஒவ்வொரு தரமும் சுவிட்ச் போட்டு, ஒவ்வொருவரையும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கவைத்தேன்.