செய்யது தோட்டத்தில் ஒரு நாகலிங்கம்

ஜூலை 12, சனி

காலையிலிருந்து சாரல். நேற்றுப் போட்ட துணி இன்றும் ஈரம்.

ஆசிரியர் போன். சீசன் மலருக்கு முழுப்பக்கம் வேண்டுமாம். பழைய குற்றாலம் ரோட்டில் புது விடுதி, அதன் தோட்டம். நம் பக்கத்துச் செடிகளை மட்டும் வைத்து அமைத்தது. அமைத்தவரைத் தெரியுமா என்றார். தெரியாமல் என்ன. செய்யது. பள்ளியில் என் பெஞ்சு. துபாயில் ஹோட்டல்களுக்குப் புல்தரை போட்டுவிட்டு வந்தவன். இப்போது ‘தோட்டக் கலைஞர்’. ஆசிரியரின் சொல். என்னைப் பற்றிப் பேசும்போது அவர் சொல்வது ‘நம்ம தென்காசி ஆள்’.

வீட்டில் காந்திமதிக்கு ஒரே சந்தோஷம். அப்படியே செய்யது அண்ணனை நம் முற்றத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன் என்றாள். முற்றத்தில் இருப்பவை என் குரோட்டன்ஸ்.

வாங்க: பூண்டு, டார்ச் செல். குடைக்கம்பி சரிசெய்ய.

ஜூலை 13, ஞாயிறு

தோட்டத்துக்குப் போனேன். செ. இல்லை, ஆய்க்குடியில் வேலை. நல்லது. குறை தேடத்தான் போனேன்.

வாசலில் போர்டு: ‘இந்த மண்ணின் செடிகள் மட்டும்’. நுழைந்ததும் நொச்சி வரிசை, ஆள் உயரம், எதுவும் தெரியாது. திரும்பினால் மலை. முன்னால் வெட்சி, அதற்குப் பின் காயாம்பூச் செடி, அதற்கும் பின் புன்னை. அப்படியே ஏறி மலையோடு சேர்ந்துவிடுகிறது. மதில் எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. எது அவன் நட்டது, எது தானாக வளர்ந்தது என்று சொல்ல முடியவில்லை.

பாறை ஓரம் முழுக்கச் சேம்பு. சாரல் அதில் விழும் சத்தம் ஒரு மாதிரி, புன்னையில் விழுவது வேறு மாதிரி. சத்தத்துக்காகவே இலை பார்த்து வைத்திருக்கிறான். நனைந்துகொண்டு நின்றேன்.

சென்னைக் குடும்பம் ஒன்று வந்தது. வரும்போதே சண்டை. நொச்சியைத் தாண்டியதும் குரல் இறங்கியது. அந்த அம்மாள் கணவரிடம், “மெதுவா பேசுங்க.” ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் எழுத்தைப் படித்து யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை.

பிறகு கிடைத்தது. நடுமுற்றத்தில் ஒரு கன்று, அடியில் குங்குமம். காவலாளியிடம் கேட்டேன். “நாகலிங்கம் சார். சிவன் பூ.”

சிவன் பூதான். ஆனால் மரம் தென் அமெரிக்கா. கோயில் மரங்கள் பற்றி எழுதியபோது பேராசிரியர் ஒருவர் சொன்னது, மறக்கவில்லை.

திரும்பும் வழியில் பஜ்ஜி. ரொம்ப நாளைக்குப் பிறகு ருசியாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

கட்டுரை முடிந்தது. கடைசிப் பத்தி நாகலிங்கம். திட்டவில்லை. தகவல் மட்டும். போர்டு சொல்வது, நடுவில் நிற்பது. நல்ல பத்தி. இரண்டு தரம் வாசித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

அனுப்புவதற்கு முன் எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும். செ.க்குப் போன் போட்டேன். நாகலிங்கம் நம் நாட்டு மரமில்லையே என்றேன். நிருபர் குரலில்.

சிரித்தான். “தெரியும்லே. கப்பல்ல வந்த மரம்.”

பின்னே ஏன் வைத்தாய்?

“குடுத்த ஆளுக்காக வச்சேன். நீ எழுது, உண்மைதான. குடுத்தது யாருன்னு மட்டும் போட்டுறாத.”

யார் என்றேன்.

“உங்க வீட்டு டீச்சர்தாம்டே. நீ வீட்ல வைக்க விடலையாம்லா.”

காந்திமதி. போன வருடம் கோயிலிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்தாள். வேர் மதிலை உடைக்கும் என்றேன். அவள் வாதாடவில்லை. பிறகு கன்றைக் காணோம். பட்டுப்போயிற்று என்று நினைத்தேன். அவனிடம் கொண்டுபோயிருக்கிறாள்.

சாயங்காலம் பேச்சுவாக்கில் கேட்டேன், நாகலிங்கம் எந்த ஊர் மரம் என்று. “சிவன் தலையில ஏறுத பூ நம்ம ஊர்ப் பூ இல்லாம பின்ன?” என்றாள். தென் அமெரிக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு, “செய்யது அண்ணன் முகம் சுளிக்காம வாங்கிக்கிட்டாக” என்றாள். அது ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

பத்தியை வெட்டினேன். அனுப்பினேன். இப்போது கட்டுரை முழுக்கப் பாராட்டு.

பல் வலி. கிராம்பு.

ஜூலை 19, சனி

மலர் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன் என்றாள் கா. படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு செ. வந்தான், பைக்கில், முன்னால் சாக்கில் கட்டிய அதே நாகலிங்கக் கன்றோடு. நான் எழுதாமல் விட்டது அவனுக்குப் பொறுக்கவில்லையாம். “போர்டு பொய்யாயிரக் கூடாதுல்லா. இது இங்கன நிக்கட்டும்.” கா. அதற்குள் கடப்பாரையோடு வந்துவிட்டாள். மதிலிலிருந்து தள்ளி அவனே இடம் காட்டினான். குழி தோண்டியது நான்.

கைகழுவிவிட்டு முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். குரோட்டன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கிளம்பும்போது பெரிய தொட்டியைக் காலால் தொட்டு, “இத கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுடே” என்றான்.

அவன் போனபின் தள்ளினேன். படியில் நின்று பார்த்தால் தெருவே தெரியவில்லை. முற்றம் பெரிதாகிவிட்டது. கா. இன்னும் பார்க்கவில்லை, சமையல்.

ஜூலை 20, ஞாயிறு

விடியும் முன் முழிப்பு. இரவெல்லாம் சாரல், இப்போது வெறித்திருக்கிறது. கா. தூங்குகிறாள். தொட்டியைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்துவிட்டேன். இடப்பக்கம் ஈரச் சிமெண்டில் ஒரு காய்ந்த வட்டம். அவள் எழுவதற்குள் இன்னொரு சாரல் வர வேண்டும்.