பம்பரத்துக்கும் ஒரு பங்கு

பொன்னக்கா,

நீ இப்போது எங்கே இருந்தாலும், உன் சேலை முந்தியைப் பிடித்து இழுக்க அங்கேயும் ஒரு நாய் இருக்கும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்த வீட்டில் எல்லாரும் என்று சொல்ல நான் ஒருத்தன்தான் மிச்சம்.

நீ இருந்தபோது நின்ற அதே ரேஷன் வரிசையில்தான் இன்னும் நிற்கிறேன். உலகச் சண்டை முடிந்த சேதி அரிசிக்கு மட்டும் எட்டவில்லை போல. நீ வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு உன் இடத்தில் புதுசாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள். கெட்டிக்காரிதான், ஆனால் தெருவில் நாயைக் கண்டால் அலறுகிறாளாம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ரொம்ப நேரம் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும், நாய்கள் என்ன ஆச்சு என்றுதானே கேட்கிறாய்? சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நீ பிரசவம் பார்த்துவிட்டு வருவாய். ஆணா பெண்ணா என்று நான் கேட்பேன். "ஆம்பளப் பிள்ளை. அத விடுலே, வார வழில சாக்கடைக்குள்ள ஒண்ணு கெடந்துச்சு பாரு" என்று முந்திக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுப்பாய். அத்தான் சின்ன வயசிலேயே போய்விட்டார், எனக்குக் கல்யாணம் அமையவில்லை. நம் இரண்டு பேருக்கென்று மிஞ்சிய இந்த வாடகை வீட்டின் பின்புறக் கொட்டகையை நீ நாய்ச் சத்திரம் ஆக்கினாய். சொறி பிடித்ததும் கால் ஒடிந்ததும் அங்கே வந்து தேறும். தேறியதும் ஒவ்வொன்றுக்கும் வீடு பார்ப்பாய். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அத்தனை விசாரிக்க மாட்டார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போகாமலே பத்து வருஷம் ஓட்டினேன்.

கடைசி வாரத்தில் படுத்தபடியே என் கையைப் பிடித்தாய். "ஒண்ணையும் முனிசிபாலிட்டி வண்டில ஏத்த விட்டுராதலே" என்றாய். "இப்ப இதுதான் கவலையாக்கும் ஒனக்கு" என்று எரிந்து விழுந்தேன். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துதான் சரி என்று சொன்னேன். அப்போது நீ கண்ணை மூடியிருந்தாய். அந்தச் சரி உன் காதில் விழுந்ததா, அக்கா? நாலு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ விட்டுப்போன ஏழு நாய்களில் ஆறு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. ஒற்றைக் கண்ணன் உப்பளத்துக் காவல்காரரிடம் இருக்கிறான். நொண்டியைப் பால்காரர் வீட்டில் மடியில் போட்டுக் கொஞ்சுகிறார்கள். மற்ற நாலுக்கும் குறையில்லை. மிஞ்சியது பம்பரம். நீ கடைசியாகக் கொண்டு வந்த அந்தச் செவலைதான். அதற்குப் பேர் வைத்தது மட்டும் நான் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு நிமிஷம் நின்று பார்த்ததில்லை. கண்ணில் பட்டதைப் பல்லால் பிடித்து இழுக்கும், பிடித்ததை விடாது. உன் சேலைகளில் கிழியாத முந்தி ஒன்றாவது உண்டா?

முதலில் காயல்பட்டினத்து முதலாளி ஒருவர் வாங்கிக்கொண்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அரிசிக் கிட்டங்கி வைத்திருக்கிறாரே, அவர்தான். "நம்ம வீட்டுக்குள்ள நாய் வைக்கிற வழக்கம் கெடையாது தம்பி. கிட்டங்கி வாசல்ல காவலுக்கு நிக்கட்டும்" என்றார். மூன்றாம் நாள் மூட்டைகளின் தையல் நூலைப் பம்பரம் ஒவ்வொன்றாக உருவிவிட்டது. அரிசி தெருவில் ஓடியது. இந்தக் காலத்தில் அரிசி தெருவில் ஓடினால் என்ன கூட்டம் கூடும் என்று உனக்குத் தெரியாதா? அந்த மனுஷர் கோபப்படவில்லை. "நாய் நல்ல நாய்தான் தம்பி, என் அரிசிக்குத்தான் ஆகல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அடுத்தது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் வீடு. பெரிய தோட்டம், காம்பவுண்டுச் சுவர், கேட்டுக்கேட்டுச் சோறு போடுகிற அம்மா. நீயே பார்த்திருந்தாலும் இதைத்தான் பார்த்திருப்பாய். முதல் நாள் கிணற்றுக் கயிற்றை இழுத்தது. கயிறும் வாளியும் உள்ளே போயின. நாலாம் நாள் அந்த அம்மாவின் பட்டுச்சேலையைக் கொடியோடு இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தது. சாயங்காலம் போஸ்ட் மாஸ்டர் நம் வாசலில் மூச்சிரைக்க நின்றார். அவர் நாயைக் கூட்டி வந்தாரா, நாய் அவரைக் கூட்டி வந்ததா என்று தெரியவில்லை.

நீயே வச்சுக்கிட்டா என்னலே என்று நீ கேட்பது கேட்கிறது. எட்டு மணிக்குப் பஞ்சுக் கம்பெனி ஆபீசுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருகிறேன். கட்டிப் போட்டால் ஊளையிட்டு ஊரைக் கூட்டுகிறது. ஒருநாள் கொட்டகைத் தூணையே சாய்த்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மனுப் போட்டார்கள். முனிசிபாலிட்டி ஆள் வந்து, திங்கட்கிழமைக்குள் கொட்டகை காலியாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியில் ஏறின நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். "எங்க வேணும்னாலும் கொண்டு போங்க, கடல்கரைப் பக்கம் மட்டும் போயிராதீங்க." மணலில் மீன் காய்கிற இடத்துக்கு நாய் போனால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆற்றங்கரை வயல் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். மீன் என்ற சொல்லையே சத்தமாகச் சொல்லாத வீடு. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் மீனவர்கள் குடியிருக்கும் திரேஸ்புரத்துக்குள் நான் கால் வைத்ததில்லை.

இனிமேல் சொல்லப்போவதை உன்னிடம் மறைக்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. போன சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். வீட்டுக்கு வந்தேன், கொட்டகையில் நீ படுக்கையாகப் போட்டு வைத்த உன் பழைய சேலையைப் பம்பரம் நாராகக் கிழித்துவிட்டுத் துள்ளிக்கொண்டு நின்றது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எப்படியும் திங்கட்கிழமை வண்டி வரத்தான் போகிறது, நானே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று கழுத்தில் கயிற்றைக் கட்டி தெருநாய்களை அடைக்கிற முனிசிபாலிட்டிப் பட்டிக்குக் கிளம்பினேன். ஆமாம் அக்கா, நானேதான். அது வாலை ஆட்டிக்கொண்டே கூட வந்தது. உலா கூட்டிப் போகிறேன் என்று நினைத்ததோ என்னவோ.

பட்டிக்குத் திரும்புகிற முக்கில் கயிறு அறுந்தது. பம்பரம் வடக்கே பார்த்து ஓடியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒற்றைச் செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. திரேஸ்புரத்துப் படகுகளைத் தாண்டி, காய்கிற மீனையெல்லாம் தாண்டி ஓடியது. ஒரு மீனைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா. இது தீனிக்கு ஓடுகிற நாய் இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

ஊரைத் தாண்டின வெட்டவெளி மணலில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு முனையிலும் நீளமான கயிறு. இரண்டு பக்கமும் பிரிந்து நின்று ஐம்பது அறுபது பேர், ஆணும் பெண்ணுமாக, பாட்டுச் சொல்லி இழுத்தார்கள். ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடும் அந்தப் பாட்டுக்கு அம்பா என்று பேராம். "ஏலே, நாயப் புடிங்கலே, வலையில வாய வச்சிரும்" என்று யாரோ கத்தினார்கள். பம்பரம் வலைப் பக்கமே போகவில்லை. நேராகக் கயிற்றின் கடைசிக்குப் போய், பல்லால் பிடித்து, பின்னங்கால் இரண்டையும் மணலில் ஊன்றி இழுத்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. கயிற்றை அதன் வாயிலிருந்து பிடுங்கலாம் என்று நானும் பிடித்தேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "கால நல்லா ஊனிக்கிட்டு இழுங்க அண்ணாச்சி, வெறும கையால இழுத்தா வராது" என்றார். அவ்வளவு பேருக்கு நடுவில் கையை விட்டுவிட்டு வரவும் வெட்கமாக இருந்தது. இழுத்தேன். அம்பா ஏறும்போது பம்பரம் இழுத்தது, இறங்கும்போது பிடியை மாற்றியது. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்தவர்கள் சிரித்துச் சிரித்து இன்னும் பலமாக இழுத்தார்கள். மீன் சேர்ந்திருக்கிற வலையின் மடி கரைக்கு வந்து சேர்ந்தபோது என் உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

சாளை மீனும் காரல் மீனுமாக மணலில் கொட்டி, பங்கு பிரித்துக் கூறு வைத்தார்கள். வலைக்காரர் பேர் சூசை, கட்டை குட்டையான மனுஷர். எனக்கும் ஒரு கூறு தள்ளி வைத்தார். வேண்டாம், நான் சைவம் என்றேன். "நீங்க திங்குறதும் திங்காததும் ஒங்க பாடு அண்ணாச்சி. கயித்துல கை வச்ச யாரையும் வெறுங்கையோட அனுப்புத வழக்கம் எங்ககிட்ட இல்ல" என்றார். பிறகு குனிந்து இன்னொரு சின்னக் கூறு வைத்தார். பம்பரத்தைக் காட்டி, "இது அதுக்கு" என்றார்.

அப்போதுதான் யாருடைய நாய் என்று கேட்டார்கள். உன் பேரைச் சொன்னேன். சூசையின் மனைவி மரியாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நர்ஸம்மா நாயா? எம் மூணு பிள்ளையும் அவுக கையிலதான விழுந்துச்சு!" என்று அழுதாள். நான் உடனே சொன்னேன், நர்ஸம்மாவுக்காக நாயை வைத்துக்கொள்ளுங்கள் என்று. சூசை தலையை ஆட்டினார். "நர்ஸம்மாவுக்காகன்னு இல்ல. அவுக மேல எங்களுக்கு மரியாதை உண்டு, அது வேற. இது கயிறு புடிச்சிருக்கு. நாளைக்கி ஞாயித்துக்கெழம, கடலுக்குப் போக மாட்டோம். திங்கக்கெழம வேலைக்கி இது இங்கன இருக்கணும்."

மரியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "எங்க வீட்டு மீன் கொழம்புன்னா நர்ஸம்மாவுக்கு உசிரு. ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிடுவாக." அக்கா! பத்து வருஷம் எனக்குக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்துப் போட்டுவிட்டு, நீ அங்கே உட்கார்ந்து மீன் சாப்பிட்டாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கோபப்பட்டிருப்பேன்தான். அதற்காகவா சொல்லாமல் இருந்தாய்?

கிளம்பும்போது எனக்கு ஒரு சபலம் வந்தது. திரும்பக் கூட்டிப் போய்விடலாமா, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கெஞ்சிப் பார்க்கலாமா என்று. "பம்பரம், வா" என்று கூப்பிட்டேன். அது வரவில்லை. சுருட்டி வைத்த ஈரக் கயிற்றின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அது அசையாமல் படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் நீயும் சுவரும் கதவும் உள்ள வீடாகவே பார்த்துக்கொண்டிருந்தோம், அக்கா. அதற்கு வேண்டியிருந்தது இழுக்கச் சொல்கிற ஒரு இடம்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. ஆபீசுக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனாலும் பரவாயில்லை என்று காத்திருந்து, கொட்டகைக் கதவை நானே விரியத் திறந்து காட்டினேன். உன் கிழிந்த சேலை மட்டும் கிடந்தது. அவர்கள் போன பிறகு அதைத் துவைத்து மடித்து என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் சனிக்கிழமை. ஆபீஸ் விட்டதும் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். நான் மணலில் கால் வைத்ததுமே பம்பரம் பாய்ந்து வந்து என் வேட்டியைப் பிடித்துக் கயிறு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. வேட்டி கிழிந்தது. இனிமேல் என் வேட்டியில் கிழியாத கரை ஒன்றும் இருக்காது. இருக்க வேண்டாம். என் கூறையும் அதற்கே வைத்தேன். மீனைக் கையால் தொட்டு எடுத்து வைத்தது நான்தான், நீ நம்ப மாட்டாய்.

என் கைக்குக் கயிறு பிடிக்கத் தெம்பு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன். பம்பரத்துக்கு அன்றைக்கெல்லாம் இரண்டு பங்கு. அன்று நான் சொன்ன சரி உன் காதில் விழாமல் போயிருந்தால், இப்போது இன்னொரு தரம் சொல்கிறேன், எரிந்து விழாமல், பக்கத்தில் உட்கார்ந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்.

சரி, அக்கா.

மூன்று தரம் சோப்புப் போட்டும் மீன் வாடை போகாத கையோடு,
உன் தம்பி
நெல்லையப்பன்