யூதாசின் அம்மா வந்த கதை

என் உயிரான தானியேல் அண்ணனுக்கு,

நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. துக்கம் என்று ஊர் நினைக்கிறது, நினைக்கட்டும்.

இந்திப் போராட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்த நாட்களில்தான் அந்தக் கதையை எழுதினாய். பிள்ளையார்பாளையத்துச் சாயப் பட்டறையிலிருந்து வந்ததும், சிவந்த விரலைக்கூடச் சரியாகக் கழுவாமல் நோட்டை எடுப்பாய். இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டானே யூதாஸ், அவனுக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாளே என்றாய். பிள்ளையைப் புதைக்க யாரும் வராமல் அவள் இயேசுவின் அம்மா மரியாளின் வீட்டு வாசலுக்கே போய் நிற்கிறாள். மரியாள் ஒன்றும் கேட்காமல் எழுந்து அவளோடு நடக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஞாயிறு பள்ளியில் நீ அதைச் சொன்னபோது ஒரு பிள்ளைகூட அசையவில்லை.

மறுவாரமே சபைக் கமிட்டி உன்னைக் கூப்பிட்டது. நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

"வேதத்துல இல்லாததை எழுத நீ யாருப்பா? யூதாசுக்கு மோட்சம் குடுக்கிறியா?" மூப்பர் ஆசீர்வாதம் மேசையைத் தட்டினார்.

"மோட்சம் என் கையில இல்லீங்க ஐயா. புதைக்க அவங்கம்மா கூட ஒரு ஆள் போனாங்கன்னுதான் எழுதினேன்."

என்ன பதில் அண்ணா அது! நான் பூரித்துப் போனேன். அப்புறம் ஏன் அவர்கள் நீட்டிய மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாய்? அதே பிள்ளைகள் முன்னால் நின்று, "நான் சொன்னது தப்பு" என்று ஏன் சொன்னாய்? எதற்குப் பயந்தாய்? மஞ்சள் காமாலையில் நீ கிடந்த கடைசி மாதத்திலும் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

இப்போது ஒரு செய்தி. மூப்பரின் மகள் எஸ்தர், உன்னிடம் படித்தவள், போன மாதம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். பத்தொன்பது வயசு. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றது கமிட்டி. அப்படிப்பட்டவர்களுக்கு இடம் தரக்கூடாதென்று முன்பு விதி போட்டவரே மூப்பர்தான். கடைசியில் திருப்பருத்திக்குன்றத்துச் சமண விவசாயி ஒருவர் தன் நிலத்தோரம் இடம் கொடுத்தார். வண்டிக்குப் பின்னால் நடந்தது நாலு பேர். நான் ஐந்தாவது.

பிறகு மூப்பர் நம் வீட்டுக்கு வந்தார். "சாராளு, உன் அண்ணன் நோட்டு இருக்குதாம்மா? வீட்ல கேக்குறாங்க. எஸ்தர் அந்தக் கதையை அவங்ககிட்ட சொல்லிக்கினே இருப்பாளாம்."

தெருவே கேட்கக் கத்தினேன். "எங்கண்ணனைத் தலைகுனிய வெச்சிட்டு இப்ப கதை வேணுமா?" அவரை வெறுங்கையோடு அனுப்பினேன். அனுப்பியதற்கு இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் கேட்டது எஸ்தரின் அம்மா அல்லவா? மறுநாள் நானே நோட்டை எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். முடிந்ததும் கண்ணைத் துடைக்காமலே, "இன்னொரு தடவை படிம்மா" என்றார்.

வருகிற லெந்து நோன்புக் காலத்தில், பெண்கள் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லி அதை வாசிக்கப் போகிறேன். எஸ்தரின் அம்மா முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். கமிட்டி கூப்பிடட்டும், இரண்டு பேருமாகப் போய்ப் பேசுவோம். உன் மேல் உள்ள கோபம் ஆறட்டும் என்று நான் காத்திருக்க மாட்டேன் அண்ணா. இது சத்தியம்.

சண்டை போட நீ இல்லாமல் தவிக்கும்,
உன் கூடப்பிறந்த தங்கை
சாராள்